சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவ?

சனிக்கிழமை சாயங்காலம் முட்டுக்காடு பாலத்தில் வண்டியை ஓரங்கட்ட முடியாது. பின்னால் வருகிறவர்கள் ஹார்ன் அடித்தே துரத்திவிடுவார்கள். படகுத்துறைக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு இளநீர்க் கடைப் பக்கம் நிறுத்தினேன். கிழக்கே கடல். மேற்கே உப்பங்கழி, அதைத் தாண்டினால் சிறுசேரி. நான் வேலை பார்க்கிற கட்டடம் அந்தத் திசையில்தான் இருக்கிறது.

கூட என் அக்கா மகள். அன்று பகல் முழுக்கத் தட்சிணசித்ராவில் இருந்தோம். செட்டிநாட்டு வீட்டையும் கேரள வீட்டையும் எட்டிப் பார்த்துவிட்டு, மண்பாண்டம் செய்கிற இடத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டாள். ஓவியம் படித்து முடித்தவள். ஒரு தனியார் பள்ளியில் டிராயிங் டீச்சர் வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அவர்கள் சொன்ன சம்பளம், 2010ல் நான் வாங்கிய முதல் சம்பளத்தைவிடக் குறைவு.

"மாமா, நீங்க என்ன சொல்றீங்க? சேரட்டுமா, வேணாமா?"

ஆபீஸில் எனக்கு இரண்டு ஜூனியர்கள். வருடக் கடைசியில் நிரப்புகிற படிவத்தில் 'மென்டரிங்' என்று ஒரு கட்டமே உண்டு. "தைரியமா பண்ணு, நான் இருக்கேன்" என்று அவர்களிடம் சொல்வது எனக்குப் பழக்கம். இவளிடம் அது வாயில் வரவில்லை. 2003ல் இன்னொருவர் என்னிடம் கேட்ட கேள்விதான் வந்தது.

நான் அப்போது பத்தாம் வகுப்பு, செங்கல்பட்டுப் பக்கம் ஒரு அரசுப் பள்ளி. டிராயிங் சார் என் நோட்டைப் புரட்டிப் பார்த்தார். பஸ் ஸ்டாண்டு, ஆடுகள், எங்கள் தெரு டீக்கடை எல்லாம் அதில் இருந்தன. ஓவியக் கல்லூரியில் சேரப் போகிறேன் என்றேன். சார் நோட்டை மூடி என் கையில் கொடுத்தார். "சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவ?"

கிண்டல் இல்லை. நிஜமாகவே கேட்டார். நான் முழித்தேன். "கை நல்லா வருதுடா உனக்கு. அதனாலதான் சொல்றேன். இன்ஜினியரிங் போ."

போனேன். சாப்பாட்டுக்குக் குறைவில்லை. ஆனால் ஒரு ஆசிரியர், தன் தொழிலுக்கு வரத் துடிக்கிற பையனைத் தடுத்தது சரியா என்ற கேள்வி மட்டும் இருபது வருடமாகப் போகவில்லை. அக்கா மகளிடம் "ஒரு வாரம் டைம் குடு" என்றேன். அந்த ஒரு வாரத்தில் படித்ததும் யோசித்ததும்தான் இந்தக் கட்டுரை.

*

முட்டுக்காட்டிலிருந்து இதே சாலையில் தெற்கே போனால் மாமல்லபுரம். அங்கே 1957ல் அரசு ஒரு சிற்பப் பயிற்சி நிலையத்தைத் தொடங்கியது. பிறகு அது கல்லூரியானது. முதலில் அதற்குத் தலைமை ஏற்றவர் வைத்தியநாத ஸ்தபதி. அவருக்குப் பின் அந்த இடத்துக்கு வந்தவர் மகன் கணபதி ஸ்தபதி. கன்னியாகுமரியில் 133 அடி உயரத்தில் நிற்கும் திருவள்ளுவர் சிலை அவர் வடித்ததுதான். அந்தப் பள்ளியில் உளி பிடிக்க வருகிற பையனிடம் டிராயிங் சாரின் கேள்வியை யாரும் அவ்வளவு கூர்மையாகக் கேட்டிருக்க மாட்டார்கள். தமிழ்நாட்டில் கோயில் கட்டுவதும் கும்பாபிஷேகம் நடப்பதும் நின்றதில்லை. வெளிநாட்டுக் கோயில்களுக்கும் இங்கிருந்துதான் சிற்பிகள் போகிறார்கள்.

அதே சாலையில் வடக்கே அரை மணி நேரம் போனால் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம். அங்கே வாழ்ந்தவர்கள் வரைந்தது நவீன ஓவியம். அதை 'இத்தனை அடியில் ஒன்று வேண்டும்' என்று கேட்டு எந்த அறங்காவலரும் வரப்போவதில்லை. சாரின் கேள்வி முழுசாக வந்து இறங்குகிற இடம் அதுதான். அந்தக் கேள்விக்கு ஒரு ஆசிரியர் பதில் கண்டுபிடிக்க முயன்ற இடமும் அதுதான். அவர் பெயர் கே.சி.எஸ். பணிக்கர்.

பணிக்கர் 1911ல் கோயம்புத்தூரில் பிறந்தவர். பதின்ம வயதிலேயே மெட்ராஸ் கண்காட்சிகளில் அவர் ஓவியங்கள் இடம்பெற்றன. ஆனால் குடும்பத்தைத் தாங்க வேண்டியிருந்தது. தந்தி இலாகா வேலைக்குப் போனார். 1936ல் மெட்ராஸ் ஓவியப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தபோது அவருக்கு வயது 25. கூடப் படிக்கிறவர்களெல்லாம் பதினெட்டு, இருபது வயதில் இருக்கும்போது, மாதச் சம்பளம் என்றால் என்னவென்று அறிந்து அதை விட்டுவிட்டு வந்த ஆள். இதைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

எழும்பூர் பக்கம் பெரியமேட்டில் இருக்கும் அந்தப் பள்ளி, 1850ல் அலெக்ஸாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் ஆரம்பித்தது. ரொம்ப காலம் அது கைவினைஞர்களை உருவாக்கும் இடமாகத்தான் இருந்தது. 1929ல் அதன் தலைமைக்கு முதல் முறையாக ஒரு இந்தியர் வந்தார், தேவி பிரசாத் ராய் சௌத்ரி. வங்காளத்துக்காரர், அவனீந்திரநாத் தாகூரின் மாணவர். மெரினாவில் நாம் செல்ஃபி எடுத்துக்கொள்கிற உழைப்பாளர் சிலை அவர் செய்தது. பணிக்கருக்கும் எஸ். தனபாலுக்கும் அவர்தான் ஆசிரியர்.

படிப்பு முடிந்ததும் 1941ல் பணிக்கர் அதே பள்ளியில் ஆசிரியராகச் சேர்ந்தார். மூன்று வருடம் கழித்து, 1944ல், முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தொடங்கினார். ராய் சௌத்ரியின் பாணி வேறு, இந்த இளைஞர்கள் தேடிய பாணி வேறு. ஆனாலும் சங்கம் ராய் சௌத்ரியின் காலத்திலேயே தொடங்கி அவர் காலத்திலேயே நடந்தது. 1957ல் அவர் இடத்துக்கு முதல்வராக வந்தவரும் பணிக்கர்தான்.

அவருடைய ஓவியங்களில் எனக்குப் பிடித்தது 1963லிருந்து வரைந்த 'சொற்களும் குறியீடுகளும்' வரிசை. மலையாள எழுத்து போலவும் ஜாதகக் கட்டம் போலவும் தோன்றும், வாசிக்கப் போனால் ஒன்றும் பிடிபடாது. ஒரு மாணவனின் கணக்கு நோட்டுப் பக்கத்தைப் பார்த்துத்தான் அந்த யோசனை வந்தது என்று பணிக்கரே சொல்லியிருக்கிறார். எண்கள், சமன்பாடுகள், கூம்பு, கனசதுரம் எல்லாம் கலந்துகிடந்த பக்கம். ஐம்பதைத் தாண்டிய ஒரு கல்லூரி முதல்வர், பையனின் நோட்டைத் திருத்துவதற்காக இல்லாமல் பார்ப்பதற்காகப் பார்த்திருக்கிறார். என் செமஸ்டர் நோட்டுகளைத் திறந்தவர்கள் எல்லோரும் சிவப்பு மையோடுதான் திறந்தார்கள்.

*

முதல்வர் நாற்காலியில் உட்கார்ந்தவருக்கு ஒரு விஷயம் வருடா வருடம் கண்ணில் பட்டது. நன்றாக வரைகிற பையன்கள் படித்துவிட்டு வெளியே போகிறார்கள், கொஞ்ச நாளில் வரைவதை விட்டுவிடுகிறார்கள். மெட்ராஸில் அன்று நவீன ஓவியத்தைக் காசு கொடுத்து வாங்குகிறவர்கள் மிகச் சிலர். விளம்பரக் கம்பெனி, பள்ளிக்கூடத்து டிராயிங் மாஸ்டர் வேலை, நெசவாளர் சேவை மையத்தில் துணிக்கு டிசைன் போடுகிற வேலை, இதெல்லாம்தான் வழி. ரெட்டப்ப நாயுடுவும் ஆதிமூலமும்கூட நெசவாளர் சேவை மையத்தில் வேலை பார்த்தவர்கள்தான்.

இந்த இடத்தில் ஒரு ஆசிரியர் செய்யக்கூடியது இரண்டு. 'கலைக்காகப் பட்டினி கிட, பின்னாடி உலகம் கொண்டாடும்' என்று மேடையில் பேசலாம். இல்லாவிட்டால் என் சார் மாதிரி, வராதே என்று வாசலிலேயே சொல்லிவிடலாம். பணிக்கர் மூன்றாவதாக ஒன்றைச் செய்தார். அது கேட்பதற்குக் கணக்குப்பிள்ளை வேலை மாதிரி இருக்கும்.

நாளில் ஒரு பகுதி கைவினைப் பொருள் செய்வது, அதை விற்பது, அந்தக் காசில் வாழ்வது. மிச்ச நேரத்தில் யாருக்கும் விற்க வேண்டிய கட்டாயமில்லாமல் தன் ஓவியத்தை வரைவது. இதுதான் திட்டம். 1960களின் தொடக்கத்தில் கல்லூரியைச் சுற்றியிருந்த ஓவியர்களும் மாணவர்களும் சேர்ந்து ஒரு கைவினைச் சங்கம் அமைத்தார்கள். அவர்களுக்குக் கைகொடுத்தது பாதிக். துணியில் உருக்கிய மெழுகால் வரைந்து சாயத்தில் முக்கினால், மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஏறாது. அடுத்த நிறத்துக்கு மறுபடி மெழுகு, மறுபடி சாயம். கடைசியில் மெழுகை நீக்கினால் அடுக்கடுக்காக நிறங்கள், நடுவில் மெழுகு வெடித்த இடங்களில் மெல்லிய கோடுகள். ஓவியத்தைப் பார்த்து ஒதுங்கிப் போன மெட்ராஸ்காரர்கள் இதை வாங்கினார்கள்.

விற்ற காசில் ஒரு பகுதி பொது நிதிக்குப் போனது. அந்த நிதியிலிருந்து 1966ல் ஈஞ்சம்பாக்கத்தில் கடலோரமாக நிலம் வாங்கினார்கள். முப்பது நாற்பது பேர் சேர்ந்து எடுத்த முடிவு. இன்று அந்தக் கிராமம் சுமார் பத்து ஏக்கர். இப்போது அந்தப் பக்கம் ஒரு கிரவுண்டு என்ன விலை என்று கேட்டால் எனக்கே தலை சுற்றும். அன்று அது மணலும் சவுக்குத் தோப்பும். அந்த மணலில் கொட்டகை போட்டுக் குடியேறினார்கள், பிறகு மெல்ல மெல்ல வீடுகள் எழும்பின. 1967ல் முதல்வர் பதவியிலிருந்து ஓய்வு பெற்ற பணிக்கரும் அங்கேயே வாழ்ந்தார். 1977ல் இறந்தார்.

ஸ்டார்ட்-அப் ஆட்கள் 'ரன்வே' என்று ஒரு வார்த்தை சொல்வார்கள். கையிலிருக்கிற காசு இன்னும் எத்தனை மாதம் ஓடும் என்ற கணக்கு. மற்ற எல்லா ஊக்கப் பேச்சுக்கும் முன்னால் போட வேண்டிய கணக்கு அது. பணிக்கர் தன் மாணவர்களுக்காக அதைப் போட்டிருக்கிறார். தந்தி இலாகாவில் மாதச் சம்பளம் வாங்கிய அனுபவம் இல்லாத ஒரு ஆசிரியருக்கு இது தோன்றியிருக்குமா என்று எனக்குச் சந்தேகம்.

*

இப்படியே நிறுத்தினால் அழகான கதையாகிவிடும். நிறுத்த முடியாது, ஏனென்றால் கே. ராமானுஜம் இருக்கிறார்.

ராமானுஜத்துக்குப் பேச்சு சரியாக வராது. மனநலப் பிரச்சினையும் இருந்தது. பள்ளிப் படிப்பு அவருக்கு ஒத்துவரவில்லை. சாதாரணமாக எந்தக் கல்லூரியும் 'இவன் தேற மாட்டான்' என்று அனுப்பிவிடக்கூடிய பையன். பணிக்கர் அவரிடம் இருந்ததைக் கண்டுகொண்டு சேர்த்துக்கொண்டார். பின்னால் சோழமண்டலத்திலும் அவருக்கு இடம் இருந்தது. சின்னச் சின்னத் தாள்களில் பேனாவாலும் மையாலும் ராமானுஜம் வரைந்த உலகத்தில் கோபுரங்களும் மாளிகைகளும் பறக்கும் பாம்புகளும் உண்டு. அதற்கு நடுவே தொப்பி வைத்த ஒரு ஆள் அடிக்கடி வருவார். அது அவரேதான். நிஜத்தில் யாரும் கொடுக்காத ராஜமரியாதையை அந்தத் தொப்பிக்காரருக்கு அவர் தாளில் கொடுத்துக்கொண்டார்.

1973ல், முப்பதுகளின் தொடக்கத்தில், ராமானுஜம் தற்கொலை செய்துகொண்டார்.

ஆசிரியர் கண்டுகொண்டார், இடம் கொடுத்தார், கூடவே சகாக்கள் இருந்தார்கள். அப்படியும் போதவில்லை. இதில் யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை. மனநல சிகிச்சை இன்றைய அளவுக்குக்கூட எட்டாத காலம். ஆனால் அந்த ஆசிரியர் கண்டுகொள்ளாமல் விட்டிருந்தால் அந்தத் தாள்களே இருந்திருக்காது. இரண்டும் உண்மை. ஒன்றை வைத்து இன்னொன்றைக் கழிக்க என்னால் முடியவில்லை.

வேறு குறைகளும் உண்டு. ஆரம்பகாலச் சோழமண்டலத்தில் பெண்கள் மிகக் குறைவு. அனிலா ஜேக்கப், அர்னவாஸ் என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். மணலில் குடிசை போட்டு வாழ்கிற சாகசத்துக்குப் பெண் பிள்ளைகளை அனுப்பும் வீடுகள் அன்று எத்தனை இருந்திருக்கும்? என் அக்கா மகளுக்கு இதைச் சொன்னபோது, "இப்ப மட்டும்?" என்றாள்.

எல்லோரும் கிராமத்துக்குப் போய்விடவும் இல்லை. தனபால் கல்லூரியிலேயே ஆசிரியராக இருந்து 1970களில் அதன் முதல்வரானார். துறையூர்ப் பக்கம் கீரம்பூரிலிருந்து 1959ல் மெட்ராஸுக்கு வந்த ஒரு பையனைக் கல்லூரிக்குள் கொண்டுவந்ததில் அவருக்குப் பங்கு உண்டு. அந்தப் பையன்தான் ஆதிமூலம். சிறுபத்திரிகை வாசகர்களுக்கு ஆதிமூலத்தை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. 'நடை', 'கசடதபற' காலம் தொட்டு நம் புத்தக அட்டைகளின் முகத்தையே மாற்றியவர். கி.ரா.வின் 'கரிசல் காட்டுக் கடுதாசி'க்கு அவர் போட்ட கோட்டோவியங்களைத் தனியாக வெட்டி வைத்திருந்த வீடுகள் எனக்குத் தெரியும். ராய் சௌத்ரி, தனபால், ஆதிமூலம் என்று மூன்று தலைமுறை. ஒவ்வொருவரும் தன் ஆசிரியரைப் போல வரையாதவர்.

*

வெள்ளிக்கிழமை ராத்திரி டிராயிங் சாரின் நம்பரைப் பழைய நண்பன் ஒருவன் மூலமாகப் பிடித்தேன். சார் இன்னும் வேலையில்தான் இருக்கிறார். இது எனக்கு அதிர்ச்சி. ஓய்வு பெற்றிருப்பார் என்று நினைத்திருந்தேன். கணக்குப் போட்டுப் பார்த்தால், என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டபோது அவருக்கு வயது 32. இன்றைய என்னைவிடச் சின்னவர்.

அப்போது அவருக்குப் பெற்றோர் ஆசிரியர் கழகம் கொடுத்த சொற்பக் காசுதான் சம்பளமாம். 2012ல் தமிழ்நாடு அரசு ஓவியம், உடற்கல்வி, தையல், இசை, கணினி ஆகியவற்றுக்காக 16,549 பகுதிநேர ஆசிரியர்களை நியமித்தது. வாரத்தில் மூன்று அரை நாள், மாதம் 5,000 ரூபாய் தொகுப்பூதியம். சார் அந்த 16,549ல் ஒருவர். பன்னிரண்டு வருடம் கழித்து அந்தத் தொகை 12,500 ஆனது. பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் சென்னையில் உட்கார்ந்து போராடுகிற செய்தி அவ்வப்போது வரும், பார்த்திருப்பீர்கள். நானும் பார்த்திருக்கிறேன். அந்தக் கூட்டத்தில் எங்கள் சார் இருக்கலாம் என்று ஒரு தடவைகூடத் தோன்றியதில்லை.

"அன்னிக்கு அப்படிக் கேட்டீங்களே சார், ஞாபகம் இருக்கா?"

"இல்லப்பா. நல்லா வரையுற பசங்க எல்லார்கிட்டயும் அதான் கேட்டிருப்பேன்." கொஞ்சம் நிறுத்தினார். "அதுக்குப் பதில் எனக்கே தெரியாதுல்ல."

இருபது வருடமாக அதை ஒரு தீர்ப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவருக்கு அது உண்மையிலேயே ஒரு கேள்வியாக இருந்திருக்கிறது. பணிக்கரிடம் ஒரு பதவி இருந்தது, ஒரு கல்லூரி இருந்தது, சேர்ந்து நிற்க முப்பது நாற்பது பேர் இருந்தார்கள். ஒரு கிராமத்துப் பள்ளியில் தனியாக நின்ற 32 வயது மனிதரிடம், கையில் சாக்பீஸைத் தவிர எதுவும் இல்லை. பதில் இல்லாத இடத்தில் பொய்யாக உற்சாகப்படுத்தாமல் இருந்தாரே, அதுவும் ஒரு ஆசிரியர் செய்கிற காரியம்தான்.

அக்கா மகளின் விஷயத்தைச் சொன்னேன். "பொண்ணுகிட்ட போனக் குடு" என்றார். ஸ்பீக்கரில் போட்டேன்.

"வணக்கம் சார்."

"வணக்கம்மா. சேரப் போறியா?"

"தெரியல சார். பயமா இருக்கு."

"சரி, நான் கேக்குறத அவங்ககிட்ட கேளு. வாரத்துக்கு எத்தனை பீரியடு? பரீட்சை நேரத்துல டிராயிங் பீரியடைக் கணக்குக்குத் தூக்கிக் குடுத்துருவாங்களா? கலரும் பேப்பரும் யாரு காசு? ஆண்டு விழாவுக்கு ஸ்டேஜு பேக்ட்ராப் போடுறதுக்குன்னே உன்னைக் கூப்பிடுறாங்களான்னும் பாத்துக்கோ." அவள் வேகவேகமாக எழுதிக்கொண்டாள். "அப்புறம் இன்னொண்ணு. வாரத்துல ஒரு நாள் உனக்குன்னு வரையணும். அந்த நாளை யாருக்கும் குடுக்காத. நான் குடுத்துட்டேன்மா. திரும்ப வரல."

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு சாரே கேட்டார்.

"சரி, சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவ?"

இந்தத் தடவை இரண்டு பேரும் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். சம்பளம் இவ்வளவு, ரூம் வாடகை இவ்வளவு, ஞாயிற்றுக்கிழமை குழந்தைகளுக்கு வகுப்பு எடுத்தால் இவ்வளவு. துண்டு விழுந்தது. வரைவதற்கான பொருட்களுக்கு எதுவும் மிஞ்சவில்லை. நான் உடனே, "அத நான் பாத்துக்கறேன் சார், எப்ப வேணா கேக்கட்டும்" என்றேன்.

"கேக்கட்டும்னு சொல்லாதப்பா, அது கேக்காது. மாசாமாசம் ஒண்ணாந்தேதி அனுப்பு."

மறுநாள் அவளைக் கூட்டிக்கொண்டு ஈஞ்சம்பாக்கம் போனேன். தோட்டத்தில் வெயிலில் நிற்கும் சிற்பங்களைச் சுற்றி வந்தோம், அருங்காட்சியகத்தைப் பார்த்தோம். மரநிழலில் ஒரு சிமென்ட் திண்டில் உட்கார்ந்து பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டாள். சாரின் கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டாள். சம்பளத்தை ஏற்ற மாட்டோம் என்றார்கள். சனிக்கிழமை வர வேண்டாம் என்பதற்கு மட்டும் ஒத்துக்கொண்டார்கள்.

சேர்ந்துவிட்டாள். நிலைப்பாளா என்று இப்போது சொல்ல முடியாது. சாரும் சொல்லவில்லை. ஒன்றாம் தேதி வந்தது, பணம் அனுப்பினேன். "என்ன வாங்குன?" என்று கேட்டதற்கு, "இந்தியன் இங்க், நிப்பு, கொஞ்சம் நல்ல பேப்பர்" என்று பதில் வந்தது. அதற்குக் கீழே இன்னொரு வரி: "சாருக்கும் ஒரு செட் அனுப்பியிருக்கேன் மாமா."